இறங்கி வந்த பெயர்

(வானொலியில் வழங்கிய மறையுரை)



குழந்தைக்குப் பெயர் வைப்பதைப் பற்றிக் கேட்க வரும் இளம் பெற்றோர் இன்று பெரும்பாலும் இரண்டு நிபந்தனைகளோடு வருகிறார்கள். பெயர் சின்னதாக இருக்க வேண்டும். கூப்பிட நன்றாக இருக்க வேண்டும். அதன் பொருள் என்ன, அந்தப் பெயரை முதலில் தாங்கியவர் யார் என்ற கேள்வி மூன்றாவதாகத்தான் வரும். சில வீடுகளில் வராமலே போய்விடும். ஆகவே இன்று ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, எந்த வழியாக நடந்தது, எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்போம்.

அந்தப் பெயர் ஆட்ரி. ஆங்கிலேயப் பெண்களுக்கு வைக்கும் பெயர். 1953-இல் வந்த 'ரோமன் ஹாலிடே' படத்தில் இளவரசியாக நடித்த ஆட்ரி ஹெப்பர்ன் அவர்களால் உலகம் முழுவதும் தெரிந்த பெயர். சின்னது, கூப்பிடவும் எளிது. ஆனால் இந்த மூன்றெழுத்துப் பெயருக்குள் ஓர் அரசியும், ஒரு துறவற மடமும், ஒரு திருவிழாக் கடைத்தெருவும், ஒரு வசைச்சொல்லும் இருக்கின்றன என்று சொன்னால் நம்புவீர்களா?

ஆட்ரி என்பது தேய்ந்துபோன வடிவம். தேயாத வடிவம் எத்தெல்திரித். பழைய ஆங்கிலத்தில் 'எத்தெல்' என்றால் உயர்குடிப் பிறப்பு, மேன்மை. 'திரித்' என்றால் வலிமை. மேன்மையும் வலிமையும் சேர்ந்தவள் என்பது பெயரின் பொருள். இந்த இரண்டு சொற்களும் நமக்கு அந்நியம் அல்ல. நம் பங்குகளில் எதெல் என்ற பெயருடைய பாட்டிமார் இருக்கிறார்கள். அது இந்தப் பெயரின் முற்பாதி. ஆலிஸ் என்ற பெயரும் அதே வேரிலிருந்து ஜெர்மன், பிரெஞ்சு மொழிகள் வழியாக வந்ததுதான். பிற்பாதியான 'வலிமை' ஜெர்த்ரூத், மில்ட்ரெட் என்ற பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, ஆலிஸும் ஜெர்த்ரூத்தும் ஆட்ரிக்கு உறவுக்காரர்கள்.

இந்தப் பெயரைத் தாங்கியவர்களில் புகழ்பெற்றவர் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித எத்தெல்திரித். இலத்தீனில் எழுதியவர்கள் அவரை எத்தெல்திரெதா என்றார்கள். அவருடைய வரலாற்றை நமக்குத் தருபவர் மறைவல்லுநரான புனித பீட். வட இங்கிலாந்தில் ஜாரோ மடத்தில் இருந்துகொண்டு 731-இல் ஆங்கிலேயத் திருச்சபையின் வரலாற்றை எழுதி முடித்தவர். எத்தெல்திரித் இறந்தபோது பீட் சிறு பையன். எனவே இது நூற்றாண்டுகள் கழித்துக் கட்டிய கதை அல்ல. அவரை நேரில் அறிந்தவர்களிடம் கேட்டு எழுதியது.

அவருடைய தந்தை கிழக்கு ஆங்கிலியா நாட்டின் அரசர். இன்றைய நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்கள் இருக்கும் பகுதி அது. அரசரின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: அன்னா. ஆம், ஆண்தான்; அந்த நாட்டில் அன்று அது ஆணின் பெயர். பக்தியுள்ள கிறிஸ்தவர். மெர்சியா நாட்டு அரசர் பெண்டாவோடு நடந்த போரில் கொல்லப்பட்டார்.

எத்தெல்திரித்துக்கு இரண்டு முறை திருமணம் நடந்தது. முதல் கணவர் டோண்ட்பெர்ட் என்ற சிற்றரசர்; சிறிது காலத்தில் இறந்துவிட்டார். பிறகு நார்தம்பிரியா நாட்டின் எக்ஃபிரித் என்பவருக்கு மணம் முடித்தார்கள். அவர் அரசராக, இவர் அரசியானார். ஆனால் எத்தெல்திரித்தின் உள்ளம் வேறிடத்தில் இருந்தது. கடவுளுக்கு மட்டுமே தம்மைக் கொடுக்க வேண்டும் என்று விரும்பினார். எக்ஃபிரித்தோடு பன்னிரண்டு ஆண்டுகள் மனைவி என்ற பெயரில் வாழ்ந்தும் கன்னியாகவே இருந்தார் என்று பீட் எழுதுகிறார். சிலர் இதைச் சந்தேகித்தபோது, அந்தக் குடும்பத்தை நன்கு அறிந்த ஆயர் வில்ஃபிரிடிடமே பீட் கேட்டிருக்கிறார். அரசியின் மனத்தை மாற்றினால் நிலமும் பணமும் தருவதாக அரசர் தமக்கு வாக்களித்ததையே சான்றாகச் சொன்னார் வில்ஃபிரிட்.

கடைசியில் அரசர் அரைமனத்தோடு விடை கொடுத்தார். எத்தெல்திரித் முதலில் கோல்டிங்ஹாம் மடத்துக்குப் போனார். அங்கே தலைவியாக இருந்தவர் அரசரின் அத்தை எப்பா. வில்ஃபிரிடின் கையால் துறவு முக்காடு பெற்றார். ஓராண்டுக்குப் பின், 673-இல், தம் சொந்த நாட்டுப் பக்கம் வந்து ஈலி என்ற இடத்தில் மடம் கட்டி அதன் தலைவியானார். ஈலி அன்று சுற்றிலும் நீரும் சதுப்பும் சூழ்ந்த ஒரு தீவு. அந்த நீரில் விலாங்கு மீன்கள் ஏராளம். அதனால்தான் அந்த ஊருக்கு ஈலி என்று பெயர் வந்தது என்கிறார் பீட்.

இனி அரசியின் வாழ்க்கையைக் கவனியுங்கள். அரண்மனையில் வளர்ந்தவர் மெல்லிய நார்த்துணியை விட்டுவிட்டு முரட்டுக் கம்பளி உடையையே உடுத்தினார். பெரும்பாலும் ஒருவேளைதான் உண்டார். உடல்நலம் இடம் கொடுத்த நாளெல்லாம் நள்ளிரவுச் செபத்திலிருந்து விடியும்வரை கோவிலிலேயே செபித்தார். வெந்நீர்க் குளியல் என்பது அந்தக் குளிர்நாட்டில் ஒரு சுகம். அதை ஆண்டில் மூன்று பெருவிழாக்களுக்கு முன்பு மட்டும் வைத்துக்கொண்டார்: உயிர்ப்பு, தூய ஆவியார் பெருவிழா, திருக்காட்சி. அப்போதும் மற்றச் சகோதரிகள் எல்லாரும் குளிப்பதற்குத் தாமும் உடனிருந்து பணிவிடை செய்துவிட்டு, கடைசி ஆளாகத்தான் குளித்தார். பெரிய வியாழன் மாலை நம் ஆண்டவர் இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்ததை இந்த அரசி சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

679-இல் அவருடைய தாடைக்குக் கீழே, கழுத்தில், பெரிய கட்டி ஒன்று வந்தது. கினெஃபிரித் என்ற மருத்துவர் அதைக் கீறிவிட்டார். இரண்டு நாள் வலி குறைந்தது. மூன்றாம் நாள் மீண்டும் முற்றி, இறந்துபோனார். அந்தக் கட்டியைப் பற்றி அவரே சொன்னதைப் பீட் குறித்து வைத்திருக்கிறார். இளம் வயதில் இந்தக் கழுத்தில் தேவையில்லாத நகைகளைச் சுமந்தேன். அதற்காகப் பொன்னும் முத்தும் இருந்த இடத்தில் இப்போது சிவந்து எரியும் இந்தக் கட்டியை இறைவன் இரக்கத்தோடு தந்திருக்கிறார் என்பது அவர் பேச்சின் சாரம். நோயைப் பாவத்தின் தண்டனை என்று நாம் யாருக்கும் சொல்லக் கூடாது. ஆண்டவர் அதைப் பிறவிக் குருடரின் முன்னிலையில் தெளிவாக மறுத்துவிட்டார். எத்தெல்திரித் பிறருக்கு அதைச் சொல்லவில்லை. தம் வலிக்குத் தாமே கண்டுகொண்ட பொருள் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை மறுபடியும் இந்தக் கழுத்துக்குத்தான் திரும்பி வரப்போகிறது.

அவர் கட்டளைப்படியே அவரை மரப்பெட்டியில் வைத்து, மற்றச் சகோதரிகளின் நடுவில், இறந்தவர்களின் வரிசையில் அவர் முறை எதுவோ அந்த இடத்தில் அடக்கம் செய்தார்கள். அரசிக்கென்று தனி இடம் கிடையாது. கல்லறையிலும் வரிசையில் நின்றவர் அவர்.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. அவருக்குப் பின் தலைவியானவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி. கெண்ட் நாட்டு அரசரின் விதவை. எலும்புகளை எடுத்துக் கல்பெட்டியில் வைத்துக் கோவிலுக்குள் கொண்டுபோக அவர் விரும்பினார். சதுப்புத் தீவில் கல் ஏது? சகோதரர்கள் படகில் போனார்கள். இன்றைய கேம்பிரிட்ஜ் இருக்கும் இடத்துக்கு அருகே பாழடைந்த ஒரு சிறு நகரத்தின் மதிலோரம் வெள்ளைச் சலவைக்கல் பெட்டி ஒன்று மூடியோடு கிடைத்தது. 695-ஆம் ஆண்டு அக்டோபர் 17-இல் கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாமல் இருந்தது என்றும், கழுத்துக் காயம் ஆறி மெல்லிய தழும்பு மட்டுமே தெரிந்தது என்றும், கட்டியைக் கீறிய அதே மருத்துவர் அருகில் நின்று பார்த்துச் சாட்சி சொன்னார். அன்றிலிருந்து ஈலி ஒரு திருத்தலம். 870-இல் டென்மார்க்குக் கொள்ளையர் மடத்தை அழித்தார்கள். 970-இல் புனித எத்தெல்வோல்டு மீண்டும் எழுப்பினார். 1083-இல் இன்றைய பேராலயத்தின் கட்டுமானம் தொடங்கியது.

இனிப் பெயரின் பயணத்துக்கு வருவோம். பாமர மக்கள் 'எத்தெல்திரெதா' என்று நீட்டி முழக்குவார்களா? நாம் சேவியரைச் சவேரியார் ஆக்கினோம். இஞ்ஞாசியையும் சூசையப்பரையும் நம் நாவுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டோம். ஆங்கிலேய மக்களும் அப்படித்தான். நடுவிலிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, எத்தெல்திரெதா ஆட்ரி ஆனார். ஏட்டில் எத்தெல்திரெதா, வீட்டில் ஆட்ரி.

ஈலியில் அக்டோபர் திருவிழாவையொட்டிச் சந்தை கூடியது. திருத்தலம் என்றால் கடைத்தெருவும் வந்துவிடும் என்பது வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சந்தையில் பட்டுநூலால் பின்னிய கழுத்துக் கயிறுகள் விற்றார்கள். பெண்கள் வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் 'செயின்ட் ஆட்ரி லேஸ்', அதாவது புனித ஆட்ரியின் கழுத்துப்பட்டு. எந்தக் கழுத்து நகைக்காக வருந்தினாரோ, அந்தப் புனிதையின் பெயரிலேயே கழுத்து அணி! முரண்பாடுதான். ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க வரலாற்றாசிரியர் நிக்கோலாஸ் ஹார்ப்ஸ்ஃபீல்டு வேறு விதமாக நினைத்தார். பெண்கள் கழுத்தில் மெல்லிய பட்டுச்சரம் அணிவது, அரசியின் கழுத்துக் கட்டியை நினைவுகூரத்தானோ என்று எழுதினார். அப்படியானால் அது பகட்டு அல்ல. நாம் அணியும் உத்தரியத்தைப் போல ஒரு பக்தி அடையாளம்.

இப்போது 'செயின்ட் ஆட்ரி' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். செயின்ட்டின் கடைசி எழுத்து ஆட்ரியோடு ஒட்டி, 'டாட்ரி' என்று ஒலிக்கும். இப்படி ஒட்டிக்கொள்வது ஆங்கிலத்தில் வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. இலண்டனில் டூலி தெரு என்று ஒன்று உண்டு; அது புனித ஓலாவின் பெயர் திரிந்தது. நம்மிடமும் உண்டு. யாகப்பர் என்பதும் சந்தியாகப்பர் என்பதும் ஒரே பெயர்தான். இரண்டாவதில் 'புனித' என்று பொருள்படும் 'சந்த்' முன்னால் ஒட்டிக்கொண்டது. ஆகவே 'புனித சந்தியாகப்பர்' என்னும்போது இரண்டு தடவை புனிதர் என்கிறோம். யாகப்பருக்கு அதனால் இலாபம்தான். ஆட்ரிக்கு அப்படி அமையவில்லை.

1579-இல் கவிஞர் ஸ்பென்சர் 'டாட்ரி லேஸ்' என்ற சொல்லை அழகுப் பொருளாகவே பயன்படுத்தினார். ஷேக்ஸ்பியரின் 'வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் ஆடு மேய்க்கும் ஒரு பெண், வாங்கித் தருவதாகச் சொன்ன டாட்ரி லேஸ் எங்கே என்று காதலனிடம் கேட்கிறாள். அவளுக்கு அது ஆசைப் பொருள். ஆனால் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் 'லேஸ்' உதிர்ந்துவிட்டது. 'டாட்ரி' மட்டும் தனிச் சொல்லாக நின்றது. அதன் பொருள்: மலிவான பகட்டு, ஜிகினா, மினுக்கு மட்டும் உள்ள மட்டமான சரக்கு. இன்றும் ஆங்கில அகராதியில் அதே பொருள்தான்.

இடையில் நடந்தது என்ன? எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில் மடங்கள் மூடப்பட்டன. ஈலி மடம் 1539-இல் கலைக்கப்பட்டது. 1541-இல் ஆயர் தாமஸ் குட்ரிச் திருப்பேழைகளை இடிக்க ஆணையிட்டார். ஏறக்குறைய 850 ஆண்டுகள் மக்கள் முழந்தாளிட்ட இடம் வெறுந்தரையாயிற்று. திருப்பேழை போனது, சந்தை நின்றது. புனிதையை மறந்தார்கள், சரக்கு ஞாபகம் இருந்தது. சரக்கு புனிதையிலிருந்து பிரிந்தபின், அதை ஏளனமாகப் பேச எந்தத் தடையும் இல்லை. மேன்மை, வலிமை என்று பிறந்த பெயர் மட்டமானது என்ற சொல்லாக முடிந்தது.

ஆட்ரி என்ற பெண்பெயருக்கும் இதே கதிதான். ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஆட்ரி என்று ஒரு பாத்திரம் உண்டு. ஆடு மேய்க்கும் பட்டிக்காட்டுப் பெண். பார்ப்பவர்கள் சிரிப்பதற்காக வைத்தது. அரசியின் பெயர் ஆட்டுமந்தைக்கு இறங்கிவிட்டது.

மொழி ஆராய்ச்சியாளர்கள் இதை ஒரு வீழ்ச்சி என்பார்கள். பொருள் இழிந்துபோன சொற்களுக்கு எடுத்துக்காட்டாக 'டாட்ரி'யைக் காட்டுவார்கள். மொழிக் கணக்கில் அது சரி. நற்செய்தியின் கணக்கில் பார்த்தால்?

இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் எந்தத் திசையில் நடந்தார் என்று நினைத்துப் பாருங்கள். அரியணையிலிருந்து மடத்துக்கு. மெல்லிய துணியிலிருந்து கம்பளிக்கு. முதல் இடத்திலிருந்து குளியலறை வரிசையின் கடைசி இடத்துக்கு. அரச கல்லறையிலிருந்து சகோதரிகளின் நடுவே ஒரு மரப்பெட்டிக்கு. அவர் வாழ்நாள் முழுவதும் இறங்கிக்கொண்டேதான் இருந்தார். அவருடைய பெயரும் அரண்மனையை விட்டு இறங்கி, ஆடு மேய்க்கும் பெண்ணிடமும், சந்தையில் காசைக் கொடுத்துப் பட்டுக்கயிறு வாங்கிய ஏழைப் பெண்ணிடமும் போய்ச் சேர்ந்தது. அவர் போன வழியில்தானே அதுவும் போயிருக்கிறது? விருந்தில் கடைசி இடத்தில் போய் உட்காரச் சொன்ன ஆண்டவரின் சீடத்தியின் பெயர் வேறு எங்கே போகும்? உலகம் வீழ்ச்சி என்று எழுதுவதைத் திருச்சபை சில சமயம் தாழ்ச்சி என்று வாசிக்கிறது.

அப்படியானால் 'டாட்ரி' என்ற ஏளனம் உண்மையில் யார்மேல் விழுந்தது? பட்டுக்கயிறு தானாகக் கேவலப்படாது. அதைக் கட்டியவளைக் கேவலமாகப் பார்த்த கண்தான் அந்தச் சொல்லைப் பழித்தது. தங்கமும் முத்தும் அணிந்தவர்களுக்கு இவள் கழுத்துக் கயிறு மட்டமாகத் தெரிந்திருக்கிறது.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, இந்தப் பார்வை நம்மிடம் இல்லையா? நம் மொழியில் 'கவரிங்' என்றொரு சொல் இருக்கிறது. கல்யாண வீட்டில், ஞானஸ்நான விருந்தில், ஏன், கோவில் வாசலில்கூட, ஒரு பெண்ணின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் கவரிங்தான்" என்று பக்கத்திலிருப்பவரின் காதில் சொல்கிறோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் எத்தனையோ பெண்கள் அக்கம்பக்கத்தில் நகையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் எத்தனையோ தகப்பன்மார் வட்டிக்கு வாங்குகிறார்கள். திருமண ஓலை எழுத வரும்போதே எத்தனை பவுன் என்ற பேச்சு முடிந்துவிட்டிருக்கிறது. பவுன் குறைந்ததற்காகப் புகுந்த வீட்டில் பேச்சு வாங்கும் பிள்ளைகள் நம் பங்குகளில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

புனித எத்தெல்திரித் நகைக்காக வருந்தினார் என்றால், தம் கழுத்தில் கிடந்த தங்கத்துக்காக வருந்தினார். அடுத்தவள் கழுத்தில் கிடந்த கயிற்றைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. இந்த வேறுபாடு பெரியது. எளிமை என்பது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் சட்டம். ஏழையின் சின்னச் சந்தோசத்தை அளக்கும் படிக்கல் அல்ல.

இன்னொரு பாடமும் உண்டு. திருவிழாவின் கடைத்தெருவைக் குறை சொல்ல நான் வரவில்லை. குழந்தைக்கு வளையலும் மிட்டாயும் வாங்கிக் கொடுங்கள். வேண்டாம் என்று எந்தப் புனிதரும் சொல்லமாட்டார். ஆனால் ஈலியில் திருப்பேழை மறைந்து சந்தை மட்டும் மிஞ்சியபோது என்ன ஆயிற்று என்று பார்த்தோம். அங்கே அரசரின் ஆணை அதைச் செய்தது. நம் ஊரில் அதற்கு அரசர் தேவையில்லை. கொடியேற்றமும் தேரும் வாணவேடிக்கையும் நினைவிருந்து, இந்தப் புனிதர் யார், எப்படி வாழ்ந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனால், அதுவே போதும்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு எந்தப் புனிதரின் பெயரை வைத்திருந்தாலும், அந்தப் புனிதரின் கதையையும் அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். பெயர் தேயலாம், அதில் தவறில்லை. எத்தெல்திரித் ஆட்ரி ஆகலாம், சேவியர் சவேரியார் ஆகலாம். கதை தேயக் கூடாது.

இங்கிலாந்தில் அந்தக் கதை முழுவதும் தேய்ந்துவிடவில்லை. ஈலிப் பேராலயத்தில் திருப்பேழை இருந்த இடத்தை ஒரு கல் இன்றும் காட்டுகிறது. இலண்டனில் ஈலி ஆயர்களுக்குச் சொந்தமாயிருந்த பழைய சிற்றாலயம் 1874-இல் கத்தோலிக்கரின் கைக்குத் திரும்ப வந்தது. இன்று அது புனித எத்தெல்திரெதா ஆலயம். பிப்ரவரி 3-ஆம் நாள் புனித பிளேசியார் விழாவன்று மக்கள் அங்கே வந்து தங்கள் தொண்டைக்கு ஆசீர் பெறுகிறார்கள். கழுத்து வலியோடு இறந்தவரின் ஆலயத்தில் கழுத்துகளுக்கு ஆசீர்! ஆட்ரி என்ற பெயரும் 20-ஆம் நூற்றாண்டில் மறுபடி மதிப்போடு வழங்கத் தொடங்கியது. நாம் முதலில் சொன்ன நடிகை ஆட்ரி ஹெப்பர்ன், தம் கடைசி ஆண்டுகளில் யுனிசெஃப் நிறுவனத்தின் நல்லெண்ணத் தூதராக எத்தியோப்பியா, சோமாலியா போன்ற நாடுகளில் பசித்த குழந்தைகளிடம் போனார். படத்தில் இளவரசி, முடிவில் பசித்தவர்களின் பக்கத்தில். பெயர் தன் பழைய வழியை மறக்கவில்லை போலும்.

அடுத்த முறை ஒரு விழாவுக்குப் போகும்போது, உங்கள் அருகே ஒரு பெண் மினுமினுக்கும் மலிவான மாலையோடு வந்து உட்கார்ந்தால், அவள் கழுத்தைப் பார்க்காதீர்கள். முகத்தைப் பார்த்து, "வாம்மா, நல்லா இருக்கியா?" என்று கேளுங்கள். அதுவே புனித ஆட்ரிக்கு நாம் செய்யும் மரியாதை.

செபிப்போம். தாழ்ந்தோரை உயர்த்தும் இறைவா, அரச மேன்மையை விட்டுக் கடைசி இடத்தைத் தேடிய உம் ஊழியர் எத்தெல்திரித்தை எங்களுக்கு முன்மாதிரியாகத் தந்தீரே, உமக்கு நன்றி. எங்கள் பெயர்களுக்கு ஏற்றபடி வாழவும், எவரையும் அவர்களுடைய ஏழ்மைக்காக இகழாதிருக்கவும் எங்களுக்கு வரம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.